சொத்து: பத்திரம், அளவு, தேய்மானம்

எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது என்பது நம் பழமொழி. சொத்து விஷயத்தில் இதற்கு இன்னொரு பாதியும் உண்டு. எழுதிய கணக்கையும் படித்துப் பார்க்காவிட்டால் அதுவும் அழத்தான் வைக்கும். தில்லியில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கணக்கு எழுதுவதும் வரி நமூனாக்கள் நிரப்புவதும் என் தொழில். என்னிடம் வரும் தமிழ் அன்பர்களில் பெரும்பாலோருக்கு இரண்டு இடத்தில் சொத்து இருக்கிறது. இங்கே ஒரு ஃப்ளாட்டோ கடையோ இருக்கும். ஊரில் அப்பா வைத்துவிட்டுப் போன வீடோ கொல்லையோ மனையோ இருக்கும். இங்கே உள்ளதற்குக் கடன் தவணை கட்டுவதால் அதன் காகிதங்கள் நினைவில் இருக்கின்றன. ஊரில் உள்ளதன் காகிதங்கள் டிரங்குப் பெட்டியில் தூங்குகின்றன.

சொத்து உள்ளவர்களும் சொத்து வாங்கி விற்பதில் இடை நிற்கும் தரகர்களும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் மூன்று. இது யாருடையது? எவ்வளவு? கணக்கில் இதன் மதிப்பு என்ன? முதல் கேள்விக்குப் பத்திரமும் பட்டாவும் விடை சொல்லும். இரண்டாவதற்கு அளவு நாடா விடை சொல்லும். மூன்றாவதற்கு வரிச் சட்டம் விடை சொல்லும். வரிசையாகப் பார்ப்போம்.

1. பத்திரம் வேறு, பட்டா வேறு

"பட்டா எங்கள் பெயரில்தான் இருக்கிறது, அப்புறம் என்ன?" என்று கேட்பவர்கள் பலர். பட்டா என்பது வருவாய்த் துறையின் ஆவணம். இந்த நிலத்துக்கு இன்னாரிடம் வரி வசூலிக்க வேண்டும் என்பதற்காக அரசு வைத்திருக்கும் பதிவு அது. உரிமையைக் கைமாற்றுவது பதிவு செய்யப்பட்ட பத்திரம்: கிரயப் பத்திரம், தான செட்டில்மெண்ட், பாகப்பிரிவினை, விடுதலைப் பத்திரம் போன்றவை. பட்டா மட்டுமே உரிமையை நிலைநாட்டாது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. பத்திரம் மட்டும் இருந்து பட்டா வேறொருவர் பெயரில் இருந்தாலும் விற்கும் நாளில் சிக்கல்தான். இரண்டும் ஒரே பெயரைச் சொல்ல வேண்டும்; ஒரே புல எண்ணைச் சொல்ல வேண்டும்; ஒரே அளவைச் சொல்ல வேண்டும்.

உங்கள் கோப்பில் இருக்க வேண்டியவை இவை:

அ) உங்கள் பெயரிலோ தந்தை பெயரிலோ உள்ள பத்திரம். அதோடு, அதற்கு முன் அந்தச் சொத்து யார் யார் கைமாறி வந்தது என்று காட்டும் மூலப்பத்திரங்கள். முப்பது ஆண்டுத் தொடர்ச்சியையாவது வாங்குபவரின் வழக்கறிஞர் கேட்பார்.

ஆ) வில்லங்கச் சான்று என்கிற ஈ.சி. அடமானம், கிரயம், தானம் என்று அந்தச் சொத்தின் மேல் பதிவான நடவடிக்கைகளை இது வரிசையாகக் காட்டும். தமிழ்நாட்டுப் பதிவுத் துறையின் இணையதளத்தில் இங்கிருந்தே பார்த்துக்கொள்ளலாம். பதிவாகாத உயிலோ, வாய்மொழி ஏற்பாடோ, நிலுவையில் உள்ள வழக்கோ பொதுவாக இதில் தெரியாது. ஈ.சி. சுத்தமாக இருக்கிறது என்பதால் மட்டும் சொத்து சுத்தம் என்று எண்ணிவிடக் கூடாது.

இ) பட்டா, 'அ' பதிவேட்டு நகல், புல வரைபடம். எஃப்.எம்.பி. என்று சர்வேயர்கள் சொல்லும் அந்தப் படத்தில்தான் நிலத்தின் ஒவ்வொரு பக்கத்தின் நீளமும் இருக்கும்.

ஈ) வீட்டு வரி, தண்ணீர் வரி ரசீதுகள், மின் இணைப்பு அட்டை, கட்டடமாக இருந்தால் அங்கீகரிக்கப்பட்ட வரைபடம்.

அசல் பத்திரம் தொலைந்திருந்தால் கலங்க வேண்டாம். ஆவண எண்ணும் ஆண்டும் தெரிந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கிடைக்கும். எண் தெரியாவிட்டால் ஈ.சி.யில் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் விற்கும்போது அசல் ஏன் இல்லை என்று கேட்பார்கள். ஆகவே தொலைந்தது தெரிந்தவுடனேயே காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அதன் சான்றை வாங்கிக் கோப்பில் வைத்துவிடுங்கள். அசல் எங்கோ அடமானத்தில் இருக்கிறதா என்பதையும் வீட்டுப் பெரியவர்களிடம் முதலில் விசாரியுங்கள்.

2. தந்தை பெயரில் நிற்கும் சொத்து

நம்மவர்களிடம் நான் அதிகம் பார்க்கும் குறை இதுதான். தந்தை காலமாகிப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகியிருக்கும். பட்டா இன்னும் அவர் பெயரிலேயே இருக்கும். சில வீடுகளில் தாத்தா பெயரில்! ஊருக்குப் போவது கோடை விடுமுறையில் பத்து நாள். அதில் கல்யாணம் இரண்டு, கோயில் நான்கு. தாலுகா அலுவலகத்துக்கு நாள் ஏது?

செய்ய வேண்டியது இவ்வளவுதான். இறப்புச் சான்று, தாசில்தார் தரும் வாரிசுச் சான்று, பத்திர நகல் இவற்றோடு எல்லா வாரிசுகள் பெயரிலும் கூட்டுப் பட்டாவுக்கு விண்ணப்பியுங்கள். பிறகு பிரித்துக்கொள்ளும் எண்ணம் இருந்தால் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவு செய்து, நிலத்தை உட்பிரிவு செய்து, தனிப்பட்டா பெறலாம்.

வாரிசுகள் என்னும்போது சகோதரிகளை விட்டுவிடக் கூடாது. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாடு 1989இலேயே சட்டம் செய்தது. அதற்கு முன் மணமான பெண்கள் அதில் சேரவில்லை. 2005இல் மத்திய சட்டத் திருத்தம் அந்த வேறுபாட்டை நீக்கியது. 2005இல் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தெளிவாக்கியது. 2004 டிசம்பர் 20க்கு முன் முறைப்படி முடிந்துவிட்ட பாகப்பிரிவினைகளை இது தொடாது. "தங்கைக்குத்தான் அப்போதே நகை போட்டுச் செய்தாயிற்றே" என்பது வீட்டுப் பேச்சு. சார்பதிவாளரிடம் அது செல்லாது. தங்கை மனமுவந்து விட்டுக்கொடுப்பதானால் அதற்கு விடுதலைப் பத்திரம் பதிவாக வேண்டும்.

இன்னொன்று, தூரத்தில் இருப்பவர்களுக்கு. ஊரில் உள்ள தம்பிக்கோ மாமாவுக்கோ பவர் கொடுத்துப் பத்திரம் பதிவு செய்யச் சொல்லலாம். அதற்காக ஊருக்குப் போக வேண்டியதில்லை. நீங்கள் குடியிருக்கும் பகுதியின் சார்பதிவாளர் முன்பு கையெழுத்திட்டு, அவர் சான்றளித்த அதிகாரப் பத்திரம் செல்லும். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டமே இதற்கு வழி செய்திருக்கிறது. எந்தச் சொத்துக்கு, எந்தக் காரியத்துக்கு என்று அதில் குறிப்பாக எழுதுங்கள். பவர் கொடுத்தவர் காலமானால் பொதுவாக அந்தப் பவரும் முடிந்துபோகும் என்பதை மறக்க வேண்டாம்.

பவர் பத்திரத்தை வைத்தே சொத்து வாங்கியதாக எண்ணியிருக்கும் தில்லி அன்பர்களுக்கு ஒரு சொல். பவர், விற்பனை ஒப்பந்தம், உயில் என்ற மூன்று காகிதத்தில் இங்கே எத்தனையோ வீடுகள் கைமாறின. 2011 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், இப்படிப்பட்ட கைமாற்றம் உரிமையைத் தராது, பதிவு செய்த கிரயப் பத்திரமே தரும் என்று தீர்ப்பளித்தது. அப்படி ஒரு வீட்டில் நீங்கள் இருந்தால், பவர் கொடுத்தவர் இருக்கும்போதே அவரிடம் கிரயப் பத்திரம் பெறும் வழியை வழக்கறிஞரிடம் கேளுங்கள். அங்கீகாரம் இல்லாத காலனிகளில் இருப்பவர்களுக்கு உரிமை அளிக்க மத்திய அரசு 2019இல் தனிச் சட்டமே கொண்டுவந்தது. உங்கள் காலனி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

3. எந்த ஊர் அளவு?

பத்திரத்தில் சென்ட், பட்டாவில் ஏர், சென்னையில் கிரவுண்டு, தில்லியில் கஜம், பம்பாயிலும் பெங்களூரிலும் குண்டா. ஒரே குடும்பத்தில் நான்கு பிள்ளைகள் நான்கு ஊரில் இருந்தால் நான்கு அளவில் பேசுகிறார்கள். எல்லாவற்றையும் சதுர அடியாக மாற்றிக்கொண்டால் குழப்பம் தீரும். இந்தப் பட்டியலை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்:

1 சென்ட் = 435.6 சதுர அடி
100 சென்ட் = 1 ஏக்கர் = 43,560 சதுர அடி
1 கிரவுண்டு = 2,400 சதுர அடி (ஏறத்தாழ ஐந்தரை சென்ட்)
1 சதுர மீட்டர் = 10.764 சதுர அடி
1 ஏர் = 100 சதுர மீட்டர் = 1,076.4 சதுர அடி (2.47 சென்ட்)
1 ஹெக்டேர் = 100 ஏர் = 2.47 ஏக்கர்
1 கஜம் (சதுர கஜம்) = 9 சதுர அடி
1 குண்டா = 1,089 சதுர அடி (இரண்டரை சென்ட்)

பழைய தஞ்சாவூர்ப் பத்திரங்களில் குழி, மா, வேலி வரும். 12 அடிக்கு 12 அடி, அதாவது 144 சதுர அடி ஒரு குழி என்று கொண்டால், நூறு குழி ஒரு மா. அது 14,400 சதுர அடி, ஏறத்தாழ 33 சென்ட். இருபது மா ஒரு வேலி, சுமார் 6.6 ஏக்கர். கல்கத்தாவில் உள்ள அன்பர்கள் கவனிக்கலாம்: வங்காளத்துப் பிகாவும் 14,400 சதுர அடிதான், நம் மாவுக்குச் சமம். ஆனால் பிகா மாநிலத்துக்கு மாநிலம் மாறும். தில்லியில் ஒன்று, ராஜஸ்தானில் ஒன்று. பிகா என்று யாராவது சொன்னால் "எத்தனை கஜம்?" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். குழிக் கணக்கும் ஊருக்கு ஊர் வேறுபடும்.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். பத்திரத்தில் ஒரு மனை 6¼ சென்ட் என்றும், கிழமேல் 40 அடி, தென்வடல் 68 அடி என்றும் எழுதியிருக்கிறது. பட்டாவில் 2.50 ஏர். மூன்றும் ஒன்றா?

6¼ சென்ட் = 2,722.5 சதுர அடி
40 x 68 = 2,720 சதுர அடி
2.50 ஏர் = 2,691 சதுர அடி

பத்திரத்தின் இரண்டு கணக்கும் ஒத்துப்போகின்றன. பட்டாவில் 30 சதுர அடி அளவுக்குக் குறைகிறது. அடியிலிருந்து மீட்டருக்கு மாற்றி முழுமைப்படுத்தியதில் இந்த அளவு வேறுபாடு வரக்கூடியதே. அரை சென்ட், ஒரு சென்ட் என்று குறைந்தால் அது முழுமைப்படுத்தியதால் வந்ததாக இருக்காது. உடனே புல வரைபடத்தை எடுத்துப் பார்க்க வேண்டும்.

4. மூன்றே கால் சென்ட் போன கதை

இது ஏன் முக்கியம் என்பதற்கு நான் காகிதங்களைப் பார்த்துக் கொடுத்த ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்கிறேன். காவிரிக் கரைக் கிராமம் ஒன்றில் தந்தை வாங்கிய தென்னந்தோப்பு, பத்திரப்படி 20 சென்ட். மூத்தவர் தில்லியில், தங்கை பம்பாயில், தம்பி திருச்சியில். தங்கை மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, தோப்பை விற்று மூன்று பங்காகப் பிரிப்பது என்று முடிவானது. பத்திரத்தையும் பட்டாவையும் என் மேசையில் வைத்தார் மூத்தவர். பட்டாவில் 6.80 ஏர் என்று இருந்தது. 20 சென்ட்டுக்கு 8.09 ஏர் இருக்க வேண்டும். 6.80 ஏர் என்றால் 16.8 சென்ட்தான். ஏறத்தாழ மூன்றே கால் சென்ட், 1,390 சதுர அடிக்கு மேல் காணவில்லை!

1980களில் தமிழ்நாட்டில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும் திட்டம் நடந்தது. யூ.டி.ஆர். என்று ஊரில் சொல்வார்கள். ஏக்கர், சென்ட் கணக்கு ஹெக்டேர், ஏர் கணக்காக மாறியது அப்போதுதான். அந்தச் சமயத்தில் தோப்பின் தென்புறப் பட்டை ஒன்று பக்கத்துப் புலத்தின் உட்பிரிவில் சேர்ந்துவிட்டிருந்தது. தந்தை அந்தப் பட்டாவை வாங்கி வைத்திருந்தார், வரியும் கட்டியிருந்தார். பத்திரத்தில் சென்ட், பட்டாவில் ஏர். இரண்டையும் பக்கத்தில் வைத்து யாரும் பெருக்கிப் பார்க்கவில்லை.

பக்கத்துக்காரர் கெட்டவர் அல்ல. அவர் மகன் அந்தப் பட்டையில் தனக்கு உரிமை இருப்பதாகவே நம்பினார். பட்டா அப்படித்தானே சொல்கிறது! பேச்சு முற்றி, இரு வீட்டுக்கும் பேச்சே நின்றது. கல்யாணச் செலவுக்குத் தங்கை வேறு இடத்தில் கடன் வாங்கினார். வழியைக் காட்டியது பக்கத்துக்காரரின் சொந்தப் பத்திரம். அதன் நகலை எடுத்துப் பார்த்தபோது, அவர் நிலத்துக்கு வடக்கு எல்லை "தோப்பின் தென்புற வேலி" என்று எழுதியிருந்தது. வேலி இருந்த இடத்துக் கல் அப்படியே இருந்தது. மாவட்ட வருவாய் அலுவலரிடம் மனு கொடுத்து, இரு தரப்பும் விசாரிக்கப்பட்டு, சர்வேயர் அளந்து, பட்டா திருத்தப்பட இரண்டரை ஆண்டு ஆனது. நிலம் திரும்பி வந்தது. தங்கை கட்டிய வட்டி திரும்பி வரவில்லை.

இதிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில் வரும் சொத்து விவரத்தை யாரும் படிப்பதில்லை. அங்குள்ள நான்கெல்லைதான் பத்திரத்தின் உயிர். எல்லைக்கும் பரப்புக்கும் முரண்பாடு வந்தால், எல்லை தெளிவாக இருக்கும்போது பொதுவாக எல்லைக்கே நீதிமன்றங்கள் முதலிடம் தருகின்றன. புதிய பத்திரம் எழுதும்போது "வடக்கே காலி மனை" என்று எழுதாமல், யாருடைய மனை, என்ன புல எண் என்று எழுதச் சொல்லுங்கள். காலி மனையில் நாளை வீடு வந்துவிடும்.

5. நாலு பக்கமும் சரி, மனை குறைவு

மனை வாங்கும்போது நான்கு பக்கத்தையும் நாடா பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்தியாகத் திரும்புகிறோம். அது போதாது. 60க்கு 40 மனை ஒன்று. நாலு பக்கமும் அளந்தால் 60, 40, 60, 40. பெருக்கினால் 2,400 சதுர அடி, ஒரு கிரவுண்டு. இப்போது ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு அளந்து பாருங்கள். மூலைகள் நேராக இருந்தால் 72 அடி ஒரு அங்குலம் வர வேண்டும். 80 அடி வந்தால்? மனை சாய்ந்திருக்கிறது.

சாய்ந்த மனையை மூலைவிட்டத்தால் இரண்டு முக்கோணமாக்கிக் கணக்கிட வேண்டும். பள்ளியில் படித்ததுதான். முக்கோணத்தின் மூன்று பக்கம் 60, 40, 80. கூட்டி இரண்டால் வகுத்தால் 90. அதிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் கழித்தால் 30, 50, 10. நான்கையும் பெருக்கினால் 90 x 30 x 50 x 10 = 13,50,000. இதன் வர்க்கமூலம் 1,161.9. இரண்டு முக்கோணமும் சேர்ந்து 2,324 சதுர அடி. ஆக 76 சதுர அடி குறைவு. சதுர அடி 5,000 ரூபாய் என்றால் 3,80,000 ரூபாய். ஒரு நாடாவும் ஐந்து நிமிடமும் இருந்தால் மிச்சமாகும் தொகை இது. தரகர்களாக இருக்கும் அன்பர்களும் மூலைவிட்டத்தைச் சேர்த்தே வாடிக்கையாளருக்கு எழுதிக் கொடுத்தால் பின்னால் பேச்சு வராது.

ஃப்ளாட் வாங்குபவர்களுக்கு வேறு சிக்கல். சூப்பர் பில்ட்அப் 1,000 சதுர அடி என்பார்கள். அதில் மாடிப்படி, லிஃப்ட், வராந்தா எல்லாவற்றிலும் ஒரு பங்கு சேர்ந்திருக்கும். உள்ளே போய் அளந்தால் 700 இருக்கும். 2016ஆம் ஆண்டு ரேரா சட்டம் 'கார்ப்பெட் ஏரியா' எது என்று வரையறுத்துவிட்டது. வெளிச்சுவர், தனிப் பால்கனி, திறந்த மாடி நீங்கலாக உள்ளே பயன்படும் தரைப் பரப்பு. அறைகளுக்கு இடையே உள்ள தடுப்புச் சுவர்கள் அதில் சேரும். விலையை இந்தப் பரப்பால் வகுத்துப் பார்த்தால்தான் இரண்டு ஃப்ளாட்டை ஒப்பிட முடியும். ரேராவில் பதிவான திட்டங்களில் விற்பனைக்கு இடை நிற்கும் தரகரும் ரேராவில் பதிவு செய்திருக்க வேண்டும். அவருடைய பதிவு எண்ணைக் கேட்பதில் தவறில்லை.

ஃப்ளாட்டின் பத்திரத்தில் நிலத்தின் பிரிக்கப்படாத பாகம் எவ்வளவு என்றும் பாருங்கள். கட்டடம் பழசாகும், நாளை இடிக்கவும் படலாம். உங்களிடம் கடைசியில் நிற்பது அந்த நிலப் பங்குதான்.

6. நிலம் தேயாது, கட்டடம் தேயும்

மூன்றாவது கேள்விக்கு வருவோம். தேய்மானம் என்பது, தொழிலுக்குப் பயன்படும் ஒரு பொருள் ஆண்டுதோறும் இழக்கும் மதிப்பை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள வரிச் சட்டம் தரும் சலுகை. 1961ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டத்துக்குப் பதிலாக 2025இல் இயற்றப்பட்ட சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு உரியது. பிரிவு எண்கள் மாறிவிட்டதால் எண்களை விட்டு அடிப்படையை மட்டும் சொல்கிறேன்.

முதல் விதி: நிலத்துக்குத் தேய்மானம் இல்லை. கட்டடத்துக்கு உண்டு. குடியிருப்புக் கட்டடத்துக்கு 5 சதவீதம், அலுவலகம், கடை போன்றவற்றுக்கு 10 சதவீதம், நாற்காலி மேசைகளுக்கு 10 சதவீதம் என்பது பல ஆண்டுகளாக உள்ள விகிதம். ஒவ்வொரு ஆண்டும் மிச்சமிருக்கும் மதிப்பின் மேல் கணக்கிட வேண்டும்.

இரண்டாவது விதி: உங்கள் தொழிலுக்கு நீங்கள் பயன்படுத்தும் கட்டடத்துக்குத்தான் இது. வாடகைக்கு விட்ட வீட்டுக்குத் தேய்மானம் கேட்க முடியாது. அதற்குப் பதிலாக வேறொரு கழிவு இருக்கிறது. மாதம் 15,000 ரூபாய் வாடகை என்றால் ஆண்டுக்கு 1,80,000. நீங்கள் கட்டிய வீட்டு வரி 10,000 போக 1,70,000. இதில் 30 சதவீதம், அதாவது 51,000 ரூபாய், வெள்ளையடித்தாலும் அடிக்காவிட்டாலும் கழியும். மிச்சம் 1,19,000தான் வரிக்கு உரியது. குடியிருப்பு வீட்டு வாடகையைத் தொழில் வருமானமாகக் காட்டித் தேய்மானம் எடுக்கும் வழியை 2024ஆம் ஆண்டுத் திருத்தம் அடைத்துவிட்டது.

தொழிலுக்கு ஒரு உதாரணம். நம் அன்பர் ஒருவர் டியூஷன் மையம் நடத்த 60 லட்சத்துக்கு ஓர் இடம் வாங்குகிறார் என்று வையுங்கள். பத்திரச் செலவும் இதில் அடக்கம். நிலப் பங்கு 36 லட்சம், கட்டடம் 24 லட்சம். 10 சதவீதத்தை 60 லட்சத்தின் மேல் போட்டால் 6 லட்சம் வரும், அதிகாரி அடித்துவிடுவார். 24 லட்சத்தின் மேல்தான் போட வேண்டும்:

முதல் ஆண்டு: தேய்மானம் 2,40,000, மிச்சம் 21,60,000
2ஆம் ஆண்டு: 2,16,000, மிச்சம் 19,44,000
3ஆம் ஆண்டு: 1,94,400, மிச்சம் 17,49,600
4ஆம் ஆண்டு: 1,74,960, மிச்சம் 15,74,640
5ஆம் ஆண்டு: 1,57,464, மிச்சம் 14,17,176

வாங்கிய ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தினால் அந்த ஆண்டு பாதிதான் கிடைக்கும். கீழே கிளினிக், மேலே குடியிருப்பு என்று இருந்தால் கிளினிக் பகுதிக்கு உரிய விகிதத்துக்கு மட்டும் கிடைக்கும். அந்த விகிதத்தைச் சொல்வது எது? அளவுதான். எத்தனை சதுர அடி தொழிலுக்கு, எத்தனை குடியிருக்க என்று வரைபடத்தோடு எழுதி வைத்தவர் கேள்விக்குப் பயப்பட வேண்டியதில்லை.

"எனக்குத் தேய்மானம் வேண்டாம், விட்டுவிடுகிறேன்" என்றும் சொல்ல முடியாது. கேட்டாலும் கேட்காவிட்டாலும் அது கழிக்கப்பட்டதாகவே கொள்ளப்படும். ஐந்து ஆண்டுக்குப் பின் கட்டடப் பங்கு 20 லட்சத்துக்கு விலை போனால், வேறு கட்டடம் அதே தொகுப்பில் இல்லாதபோது, 14,17,176 போக மீதி 5,82,824 ரூபாய் குறுகிய கால ஆதாயமாகும். எத்தனை ஆண்டு வைத்திருந்தாலும் அப்படித்தான். நிலத்தின் ஆதாயத்தைத் தனியே நீண்ட கால ஆதாயமாகக் காட்ட இடமுண்டு. ஆகவே வாங்கும்போதே நிலத்துக்கு எவ்வளவு, கட்டடத்துக்கு எவ்வளவு என்று பதிவு பெற்ற மதிப்பீட்டாளரிடம் எழுதி வாங்கிவிடுங்கள். இருபது ஆண்டு கழித்து அதைக் கண்டுபிடிப்பது கடினம்.

7. விற்கும்போது

தந்தை 1970இல் வாங்கிய மனையை இன்று விற்றால், அவர் கொடுத்த விலையை எடுக்க வேண்டியதில்லை. 2001 ஏப்ரல் 1 அன்று இருந்த சந்தை மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். அன்றைய வழிகாட்டி மதிப்பு தெரிந்தால் அதற்கு மேல் போகக் கூடாது. 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய நிலம், கட்டடத்துக்கு, இந்தியாவில் குடியிருக்கும் தனிநபர்கள் 12.5 சதவீத வரி, அல்லது பணவீக்கச் சரியீடு செய்து 20 சதவீத வரி, இரண்டில் எது குறைவோ அதன்படி கட்டலாம். இரண்டையும் போட்டுப் பாருங்கள்.

விலை 50 லட்சமோ அதற்கு மேலோ ஆனால், வாங்குபவர் 1 சதவீதம் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். 2013 ஜூன் முதல் உள்ள விதி இது. முன்பணமானாலும் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்காதீர்கள். 2015 ஜூன் முதல், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விதிக்க இடமிருக்கிறது.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒரு நாளை இதற்கென ஒதுக்குங்கள். அம்மா இருந்தால் அவரையும் உட்கார வைத்துப் பெட்டியைத் திறந்து, பத்திரத்தின் சொத்து விவரத்தைச் சத்தமாகப் படியுங்கள். எந்த வேப்பமரம், யார் வீட்டுச் சுவர் என்று அவருக்குத்தான் தெரியும். பிள்ளைகளை நாடாவின் மறுமுனையைப் பிடிக்கச் சொல்லுங்கள். அளந்ததைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி, சகோதர சகோதரிகள் எல்லோருக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். நம் பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வருகிறது. பழைய பத்திரத் தமிழ் படிக்க வருவதில்லை. கிழமேல், தென்வடல், நான்கெல்லை என்ற சொற்களை இப்போது அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்காவிட்டால், நாளை அவர்கள் தங்கள் நிலத்தைப் பற்றி அடுத்தவர் சொல்வதைத்தான் நம்ப வேண்டியிருக்கும்.